கார்டெல் கடிகாரம்: முகப்பில் இருப்பது யார் பெயர்?

ஒரு பழைய பிரெஞ்சு சுவர்க்கடிகாரத்தின் முன்னால் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் பொன்னிறத்தில் இலைகளும் பூக்களும் சுருண்டு ஏறுகின்றன. உச்சியில் சிறகு முளைத்த ஒரு குழந்தை. நடுவில் வெள்ளை எனாமல் முகப்பு, அதில் "ஜூலியன் லெ ருவா" என்று ஒரு பெயர். சரி, இதைச் செய்தவர் ஜூலியன் லெ ருவா என்று மனதில் குறித்துக்கொண்டு அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுகிறோம். புதிதாகப் பார்க்கிற எல்லோரும் செய்கிற தவறு இதுதான். உங்கள் கண்ணைப் பறித்த அந்த இலைகளில் ஒன்றைக்கூட லெ ருவா செதுக்கியிருக்க மாட்டார். அவர் செய்தது, அல்லது அவருடைய பட்டறை செய்தது, உள்ளே ஓடும் இயந்திரம் மட்டும்தான். வெளியே ஜொலிக்கிற அத்தனையும் வேறு ஆட்களின் வேலை. அவர்களில் பெரும்பாலோர் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை.

இந்த வகைக் கடிகாரத்துக்குப் பிரெஞ்சில் கார்டெல் என்று பெயர். முதலில் அந்தச் சொல், முகப்பைச் சுற்றி வரும் அலங்காரச் சட்டத்தைத்தான் குறித்தது. போகப் போகக் கடிகாரத்துக்கே பெயராகிவிட்டது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மரக்கூட்டில் ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும் இழைத்துப் பதித்து, சுவரில் பொருத்திய ஒரு சிறு தாங்கியின்மேல் உட்கார வைப்பது. ஆந்த்ரே-ஷார்ல் பூல் என்ற தச்சரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் வேலைப்பாடு அது. இன்னொன்று முழுக்க முழுக்க வெண்கலத்தில் வார்த்து, தங்க முலாம் பூசி, நேரே சுவரில் மாட்டுவது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையைப் பற்றியது. பதினைந்தாம் லூயி மன்னர் காலத்தில், ஏறத்தாழ 1730 முதல் 1760 வரை, அது உச்சத்தில் இருந்தது. அரை மீட்டர் உயரத்திலிருந்து ஒரு மீட்டரையும் தாண்டிப் போகிற அளவுகளில் செய்தார்கள்.

ஏன் தங்கம்? பணக்காரப் பகட்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்தான். ஆனால் அந்தக் காலத்து அறையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மின்விளக்கு கிடையாது. மாலையானால் மெழுகுவர்த்திகள், எதிரே பெரிய கண்ணாடிகள். அசைகிற சுடரின் வெளிச்சம், மெருகேற்றிய தங்கத்தில் பட்டுச் சிதறும். மெருகேற்றாமல் விட்ட இடத்தில் மங்கலாகத் தங்கும். ஒரே இலையில் ஒரு பக்கம் பளபளப்பும் மறுபக்கம் மங்கலும் வருமாறு வேண்டுமென்றே செய்திருப்பார்கள். அருங்காட்சியகத்தின் சீரான வெள்ளை விளக்கில் இந்த வித்தியாசம் பாதி செத்துவிடுகிறது என்பது என் வருத்தம்.

இனி யார் யார் சேர்ந்து செய்தார்கள் என்று பார்ப்போம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம் இருந்தது. வார்ப்பவர்களும் உளியால் திருத்துபவர்களும் ஒரு சங்கம். தங்க முலாம் பூசுபவர்கள் வேறு சங்கம். கடிகார இயந்திரம் செய்பவர்கள் இன்னொன்று. ஒரு சங்கத்தார் மற்றவர் வேலையைச் செய்யக் கூடாது. செய்தால் வழக்கு, அபராதம். அதனால் ஒரு கார்டெல் பிறக்க வேண்டுமென்றால் அது தெருத்தெருவாக, பட்டறை பட்டறையாகப் போய் வர வேண்டியிருந்தது.

முதலில் ஒருவர் படம் வரைவார். சிற்பி ஒருவர் அதை மெழுகிலோ மரத்திலோ களிமண்ணிலோ மாதிரியாக உருவாக்குவார். வார்ப்பவர் அந்த மாதிரியை ஈரமணலில் அழுத்தி அச்செடுத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றுவார். ஒரே துண்டாக அல்ல, பல துண்டுகளாக. பின்னாலிருந்து திருகாணி போட்டு அவற்றை இணைப்பார்கள். அச்சிலிருந்து வெளிவரும் வெண்கலம் கரடுமுரடாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு உளியும் அரமுமாக உட்கார்ந்து, இலையின் நரம்பையும் இறகின் மெல்லிய கோட்டையும் கொண்டுவருவது தனி வேலை. ஒரு கார்டெல் நல்லதா சுமாரானதா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த உளி வேலைதான். அதே மாதிரியிலிருந்து வார்த்த இரண்டு கடிகாரங்களில் ஒன்று உயிரோடும் மற்றொன்று சோப்பில் செய்ததுபோலவும் இருக்கும்.

அதன்பின் தங்கம் ஏறும். ஆங்கிலேயர்கள் ஒர்மொலு என்று சொல்வது, "பொடித்த தங்கம்" என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் சாதாரணமாகத் தங்கமிட்ட வெண்கலம் என்றே சொல்வார்கள். முறை இதுதான்: தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்தால் வெண்ணெய் போன்ற ஒரு கலவை கிடைக்கும். வெண்கலத்தை அமிலத்தில் நன்றாகச் சுத்தம் செய்து, இந்தக் கலவையைத் தூரிகையால் பூசி, கரி அடுப்பில் சூடாக்குவார்கள். பாதரசம் ஆவியாகிப் போய்விடும். தங்கம் மட்டும் உலோகத்தோடு இறுகப் பிடித்துக்கொண்டு தங்கிவிடும். கனமான பூச்சு வேண்டுமானால் திரும்பவும் பூசிச் சூடாக்க வேண்டும். கடைசியில் பளபளக்க வேண்டிய இடங்களை அகேட் போன்ற கடினமான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இருநூற்றைம்பது ஆண்டு கழிந்தும் நல்ல கார்டெல்களில் தங்கம் அப்படியே நிற்பதற்கு இந்த முறைதான் காரணம்.

ஆவியாகிப் போன பாதரசம் எங்கே போயிற்று? அடுப்பின்மேல் குனிந்து நின்றவரின் நுரையீரலுக்குள். கை நடுக்கம், ஆடும் பற்கள், கலங்கிய புத்தி, இளவயதிலேயே சாவு. முலாம் பூசும் பட்டறைக்காரர்களின் கதை இது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு இந்தக் கடிகாரங்களை முன்போலப் பார்க்க முடிவதில்லை என்னால். அழகு குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பொன்னிறத்துக்குப் பின்னால் ஒரு ஆளின் நடுங்கும் கையும் தெரிகிறது.

இந்தத் தொழிலுக்குள்ளிருந்தே இதைப் பற்றிக் கவலைப்பட்ட ஒருவரும் இருந்தார். ஆந்த்வான்-ஆந்த்ரே ராவ்ரியோ, நெப்போலியன் காலத்துப் பெரிய வெண்கல வேலைக்காரர். 1814-ல் அவர் இறந்தபோது, முலாம் பூசுபவர்களைப் பாதரசத்திலிருந்து காப்பாற்றும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கு 3,000 ஃபிராங்க் பரிசு என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். 1818-ல் தார்சே என்ற வேதியியலாளர் அதைப் பெற்றார். அவர் செய்தது எளிமையானது: ஆவியை மேலே இழுத்து வெளியேற்றும் புகைபோக்கியோடு கூடிய அடுப்பு. 1840 வாக்கில் மின்சாரத்தால் முலாம் பூசும் முறை வந்தது. பாதரச முறை உடனே ஒழிந்துவிடவில்லை, ஆனால் மெல்ல ஒதுங்கியது. மின்முலாம் பெரும்பாலும் மெல்லியதாக, எல்லா இடத்திலும் ஒரே மாதிரிச் சீராக இருக்கும். பழைய பாதரச முலாமில் ஒரு ஆழமும் லேசான ஏற்ற இறக்கமும் தெரியும். அப்புறம் ஒன்று: விலை குறைந்த கடிகாரங்களில் அந்தக் காலத்திலேயே தங்கமே போடாமல், பொன்னிற வார்னிஷ் மட்டும் பூசிவிடுவதும் உண்டு.

வெளிக்கூட்டைச் செய்தவர்களில் பெயர் தெரிந்த சிலரைச் சொல்கிறேன். ழாக் கஃபியேரி (1678–1755) முதன்மையானவர். அவருடைய அப்பா இத்தாலியிலிருந்து பதினான்காம் லூயிக்கு வேலை செய்ய வந்தவர். ழாக்கும் அவர் மகன் ஃபிலிப்பும் சேர்ந்து வார்த்த வெண்கலக் கூட்டில்தான் வெர்சாய் அரண்மனையின் புகழ்பெற்ற வானியல் கடிகாரம் நிற்கிறது. அது சுவர்க்கடிகாரம் அல்ல, இரண்டு மீட்டர் உயரமான நிலைக்கடிகாரம். 9999-ஆம் ஆண்டு வரை தேதி காட்டும்படி பஸ்மான் என்பவர் திட்டமிட்டது. அதன் வளைவுகளைப் பார்த்தால் கஃபியேரிகளின் கை என்ன என்று புரியும். எங்கும் நேர்கோடு கிடையாது, இருந்தும் எதுவும் சரிந்து விழுவதாகத் தோன்றாது.

ஷார்ல் கிரெஸ்ஸோன் (1685–1768) கதை எனக்கு இன்னும் பிடிக்கும். அவர் தச்சர், சிற்பக்கலையும் கற்றவர். வெண்கல அலங்காரங்களைத் தன் பட்டறையிலேயே, தன் கண்முன்னே செய்துகொள்ள விரும்பினார். வேறு பட்டறைக்குக் கொடுத்தால் தன் மாதிரிகளைத் திருடிவிடுவார்கள், வேலையும் நினைத்தபடி வராது என்பது அவர் கவலை. வார்ப்பவர் சங்கமும் முலாம் பூசுபவர் சங்கமும் சும்மா விடவில்லை. திரும்பத் திரும்ப வழக்குப் போட்டன. அவருடையது என்று கருதப்படும் ஒரு கார்டெல் லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலே காதல் தேவன் குழந்தை வடிவில் வெற்றியோடு அமர்ந்திருக்கிறான். கீழே சிறகும் அரிவாளும் கொண்ட கிழவர், அதாவது காலம், தோற்றுக் கிடக்கிறார். நேரம் காட்டும் கருவியின்மேலேயே காலத்தைத் தோற்கடித்துக் காட்டுகிற துணிச்சல் அது.

ழான்-ழோசப் சான் ஜெர்மானும் (1719–1791) ரொபேர் ஒஸ்மோனும் (1711–1789) அடுத்த தலைமுறை. சான் ஜெர்மான் பல கூடுகளில் தன் பெயரை முத்திரையாகக் குத்தி வைத்தவர். காண்டாமிருகத்தின் முதுகில் கடிகாரம் ஏறி நிற்கும் மேசைக் கடிகாரங்களும் இவருடையவைதான். இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போய் ஐரோப்பா முழுக்கச் சுற்றிய கிளாரா என்ற காண்டாமிருகத்தை 1749-ல் பாரிஸ் மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அந்தப் பரபரப்பு கடிகாரங்களிலும் ஏறிவிட்டது. ஒஸ்மோனின் கை வேறு மாதிரி. 1760-களில் ரசனை மாறி, பழைய கிரேக்க, ரோமானியக் கட்டடக்கலையின் பக்கம் திரும்பியபோது, அவருடைய கார்டெல்களும் நிமிர்ந்தன. உச்சியில் குழந்தைக்குப் பதில் ஒரு ஜாடி, பக்கங்களில் ஆட்டுக்கடாத் தலை, கீழே தொங்கும் இலை மாலை. வளைந்து நெளியும் கூடு பதினைந்தாம் லூயி காலம், இடமும் வலமும் சமமாக நிமிர்ந்து நிற்கும் கூடு அதற்கடுத்த ரசனை என்று முதல் பார்வையில் பிரித்துக்கொள்ளலாம். தொண்ணூறு சதவீதம் என்றெல்லாம் கணக்குச் சொல்ல மாட்டேன், ஆனால் தொடங்குவதற்கு இது போதும்.

இத்தனை பேரையும் ஒன்றுசேர்த்தவர் யார்? வியாபாரி. மர்ஷான்-மெர்சியே என்று அவர்களைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் விற்பார்கள், எதையும் செய்ய மாட்டார்கள் என்று அந்தக் காலத்திலேயே அவர்களைப் பற்றிப் பேச்சு. பொருளைச் செய்யச் சங்க விதி அவர்களுக்கு இடம் தரவில்லை, ஆனால் யாரிடம் வேண்டுமானாலும் வாங்கிச் சேர்த்து விற்கலாம். ஒருவரிடம் கூடு, இன்னொருவரிடம் இயந்திரம், மூன்றாமவரிடம் பீங்கான் பூக்கள் என்று வாங்கிப் பொருத்தி, புதிதாக ஒன்றை உருவாக்கியது அவர்கள்தான். லசார் துவோ என்ற வியாபாரியின் 1748 முதல் 1758 வரையிலான விற்பனைக் குறிப்பேடு இன்றும் இருக்கிறது. மன்னரின் காதலி பொம்பதூர் சீமாட்டி அவருடைய பெரிய வாடிக்கையாளர்.

முகப்புக்கு வருவோம். பெரிய தகட்டில் எனாமல் பூசிச் சுட்டால் விரிசல் விடும், வளையும். அதனால் முதலில் சிறுசிறு எனாமல் வில்லைகளாகச் செய்து வெண்கலத் தட்டில் பதித்தார்கள். பன்னிரண்டு மணி எண்களுக்குப் பன்னிரண்டு வில்லை, நடுவில் ஒன்று, மொத்தம் பதிமூன்று. நிமிடங்களுக்கும் தனி வில்லை வைத்து இருபத்தைந்து துண்டுகள் கொண்ட முகப்புகளும் உண்டு. பிறகு மார்த்தினியேர் போன்ற எனாமல் கலைஞர்கள் ஒரே துண்டில் பெரிய முகப்பைச் சுடும் திறமைக்கு வந்தார்கள். முகப்பில் சாவி போட இரண்டு துளைகள் இருக்கும். பொதுவாக வலப்பக்கத் துளை நேரம் ஓடுவதற்கு, இடப்பக்கத் துளை மணி அடிப்பதற்கு.

இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்லிப் பயமுறுத்த விரும்பவில்லை. சாவி கொடுத்தால் ஸ்பிரிங் இறுகுகிறது. அது அவிழும் வேகத்தில் பல்சக்கரங்கள் சுற்றுகின்றன. பெண்டுலம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பல்லை மட்டும் விடுவிக்கிறது. அந்தக் காலத்தில் பெண்டுலத்தை ஒரு பட்டு நூலில் தொங்கவிட்டார்கள். நூலைச் சற்றுச் சுற்றினால் பெண்டுலம் குட்டையாகிக் கடிகாரம் வேகம் பிடிக்கும், அவிழ்த்தால் மெதுவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டு நூலை எடுத்துவிட்டு, ப்ரோக்கோ என்பவர் கண்ட மெல்லிய எஃகுத் தகட்டைப் பொருத்தியிருப்பதைப் பல பழைய கடிகாரங்களில் பார்க்கலாம். இப்படி மாற்றியிருப்பதால் கடிகாரம் போலி என்று ஆகிவிடாது. ஓட வேண்டும் என்று யாரோ அக்கறைப்பட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மணி அடிக்கும் விதம் மட்டும் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் அத்தனை அடி, அரைமணிக்கு ஓர் அடி. பன்னிரண்டு மணி நேரத்தில் மொத்தம் 90 அடி. எத்தனை அடிக்க வேண்டும் என்பதை விளிம்பில் வெட்டுகள் கொண்ட ஒரு வட்டத்தகடு முடிவு செய்கிறது. வெட்டுகளுக்கு இடையிலான தூரம் கூடிக்கொண்டே போகும், அடியும் கூடிக்கொண்டே போகும். அந்தத் தகட்டுக்கு முள் எங்கே நிற்கிறது என்று தெரியாது. முந்தைய தடவை எத்தனை அடித்தோமோ அதற்கு அடுத்தது என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால் யாராவது முள்ளை அவசரமாகத் தள்ளிவிட்டால், மூன்று மணிக்கு ஐந்து அடிக்கிற கூத்து நடக்கும்.

சரி, அசலை எப்படி அடையாளம் காண்பது? அழகான முன்பக்கத்தை விட்டுவிட்டு, முடிந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு வார்ப்பின் பின்புறம் மெருகு இல்லாமல் கரடாக இருக்கும், கையால் வெட்டிய திருகாணிகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. கூட்டில் பயன்படாத துளைகள் இருந்தால் இயந்திரத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சில வெண்கலங்களில் கிரீடம் சூடிய ஒரு சின்ன "சி" எழுத்து முத்திரை இருக்கும். செம்பு கலந்த பொருள்களுக்கு 1745 மார்ச் முதல் 1749 பிப்ரவரி வரை போட்ட வரியின் அடையாளம் அது. பார்த்தவுடன் துள்ளிக் குதித்துவிடக் கூடாது. அந்த நான்கு ஆண்டில் கைமாறிய பழைய பொருள்களுக்கும் அதே முத்திரை குத்தினார்கள். எனவே அதற்கு முன்பே பிறந்த கடிகாரமாகவும் இருக்கலாம். முத்திரையையே போலியாகக் குத்தியவர்களும் உண்டு.

புரட்சியின்போது, 1791-ல், சங்கங்களைக் கலைத்துவிட்டார்கள். அதன்பின் ஒரே நிறுவனம் வார்க்கலாம், முலாம் பூசலாம், விற்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பழைய அரச பாணிக்குத் திரும்ப மோகம் வந்தபோது, பார்பெதியேன், ஆன்ரி தஸ்ஸோன் போன்றவர்கள் மிகச் சிறந்த வெண்கல வேலைகளைச் செய்தார்கள். இவற்றை நகல் என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. தஸ்ஸோனின் உளி வேலை பல அசல்களைவிட நேர்த்தியானது, அவர் தன் பெயரையும் ஆண்டையும் நேர்மையாகப் பொறித்தும் வைத்தார். மலிவான வகைகளும் அந்தக் காலத்தில் ஏராளமாக வந்தன. வெண்கலத்துக்குப் பதில் துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே பொன்னிறம் பூசியவை அவை. உள்பக்கம் லேசாகச் சுரண்டிப் பார்த்தால் மஞ்சளுக்குப் பதில் சாம்பல் நிறம் தெரியும். இயந்திரங்களும் தொழிற்சாலைகளில் மொத்தமாக உருவாயின. ழாப்பி சகோதரர்கள், மார்த்தி போன்ற பெயர்கள் வட்ட முத்திரையாகப் பின்தகட்டில் இருக்கும். கண்காட்சியில் வாங்கிய பதக்கத்தின் ஆண்டும் சிலவற்றில் சேர்ந்திருக்கும். அந்த ஆண்டுக்கு முன்னால் அந்த இயந்திரம் செய்யப்பட்டிருக்க முடியாது.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஒன்று இருந்தால், தயவுசெய்து பித்தளை பாலிஷ் போட்டுவிடாதீர்கள். தங்கம் கறுப்பதில்லை, மேலே படிந்திருப்பது அழுக்குதான். பாலிஷ் தேய்த்தால் அழுக்கோடு தங்கமும் போகும், போனால் வராது. மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும், மற்றதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். சுவரில் மாட்டிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேளுங்கள். டிக் என்பதற்கும் டாக் என்பதற்கும் நடுவே இடைவெளி சமமாக இருக்க வேண்டும். நொண்டி நொண்டி நடப்பதுபோலக் கேட்டால் கூடு சரிந்திருக்கிறது என்று பொருள். அடிப்பகுதியை மயிரிழை நகர்த்திப் பாருங்கள்.

பழுதுபார்ப்பவர் எப்போதாவது ஸ்பிரிங்கை அதன் உருளையிலிருந்து வெளியே எடுக்க நேர்ந்தால், அவர் பக்கத்தில் இருந்து பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்பிரிங்குகள் பலவற்றில், அதைச் செய்தவர் தன் பெயரையும் மாதத்தையும் ஆண்டையும் எஃகில் கீறி வைத்திருப்பார். முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பவர் வேறொருவர். கூட்டுக்குள், இயந்திரத்துக்குள், உருளைக்குள் சுருண்டு கிடக்கிற இந்தப் பெயரை, கடிகாரத்தை வாங்கிய சீமாட்டி பார்த்திருக்கவே மாட்டார்.